காந்தம் கூடாது

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள மண்டகப்பட்டில், பாறையைக் குடைந்து செய்த சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்தது. பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் ஆளுக்கொரு கருவறை. முகப்பின் இரு ஓரங்களிலும் துவாரபாலகர்கள். தடித்த சதுரத் தூண்கள். வேறு அலங்காரம் அதிகமில்லை. ஆனால் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தமிழகக் கட்டடக்கலை பற்றிப் பேசும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் விசித்திரசித்தன் இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்கிறது அது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று.

இன்னின்ன பொருளெல்லாம் கொண்டு கட்டினேன் என்றுதான் அரசர்கள் பெருமை பேசுவார்கள். இவனோ எதையெல்லாம் ஒதுக்கினேன் என்று பட்டியல் போடுகிறான். அந்தப் பட்டியலின் எல்லையும் கவனிக்க வேண்டியது. பாறையைக் குடைந்த உளி இரும்புதான். தடை கோயிலுக்கு மட்டும். கோயிலைச் செய்த கருவிக்கு இல்லை. எதை விலக்குகிறோம், அந்த விலக்கு எதுவரை செல்லும் என்ற இரண்டையும் தீர்மானித்த பிறகு, மிச்சம் இருப்பது சிற்பியின் கை மட்டுமே.

இதே வகைப் பட்டியலை இன்று உலகெங்கும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் ஸ்லாட் கார் மன்றத்தினர். உள்ளங்கையளவு மின்சாரக் கார்களைத் தடத்தில் ஓட்டிப் பந்தயம் வைப்பவர்கள் அவர்கள். விளையாட்டுப் பொருள்தானே என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அதில் இயற்பியல் இருக்கிறது. அந்த மன்றங்களின் விதித்தாள்களைப் படித்தால், ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு விசையோ உராய்வோ மின்தடையோ நிற்பது தெரியும்.

முதலில் பொறியமைப்பு. தடத்தின் மேல் நீளவாக்கில் ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். காரின் மூக்குக்குக் கீழே உள்ள சிறு துடுப்பு அந்தக் காடிக்குள் இறங்கி வழிகாட்டும். காடியின் இரு பக்கமும் ஓடும் உலோகப் பட்டைகளில் மின்சாரம். துடுப்பின் இரு பக்கமும் உள்ள செம்புப் பின்னல் அந்தப் பட்டைகளை உரசிக்கொண்டே மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும். ஓட்டுநர் கையில் துப்பாக்கிப் பிடி போன்ற ஒரு கட்டுப்படுத்தி. விரலால் அழுத்த அழுத்த மின்தடை குறைந்து கார் வேகமெடுக்கும். விரலை விட்டால் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அப்போது சுழலும் மோட்டார் தானே மின்னாக்கியாகிறது. தான் உண்டாக்கும் மின்னோட்டமே அதைத் தடுத்து நிறுத்துகிறது. காரில் பிரேக் கட்டை என்று எதுவும் கிடையாது.

1912-லேயே அமெரிக்காவின் லயோனல் நிறுவனம் மின்சாரப் பந்தயக் கார்களை விற்றது. ஆனால் இந்தப் பொழுதுபோக்கை வீடுகளுக்குள் கொண்டுவந்தது இங்கிலாந்தின் ஸ்கேலெக்ஸ்ட்ரிக். மினிமாடல்ஸ் நிறுவனத்தை நடத்திய பிரெட் பிரான்சிஸ், சாவி கொடுத்து ஓட்டும் தகரக் கார்களை விற்றுக்கொண்டிருந்தவர். அவற்றுக்கு மின்மோட்டார் பொருத்தி 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் வைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் கட்டணம் கட்டி ஓட்டும் பெரிய பந்தயக் கூடங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. எட்டுத் தடங்களும் 155 அடி நீளமும் கொண்ட ‘கிங்’ தடம் அந்தக் காலத்தின் கொடை. இன்றும் அதில் ஓடும் மிக வேகமான கார்கள் ஒரு சுற்றை ஒன்றரை விநாடிக்கும் குறைவாக முடிக்கின்றன. கணக்குப் போட்டால் சராசரியாக மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேல். பொம்மையளவுக் காரின் உண்மையான வேகம் அது.

அந்த வேகத்தை எட்டிய வழி, மோட்டாரைப் பிரித்துச் சுருளை மாற்றிச் சுற்றியது. குறைந்த சுற்றுகள், தடித்த கம்பி. மின்தடை குறையும், எதிர் மின்னழுத்தம் குறையும், சுழற்சி வேகம் எகிறும். அதைச் செய்யத் தெரிந்தவனும் அதற்குச் செலவழிக்கக்கூடியவனும் முந்தினார்கள். கடையில் வாங்கிய காரோடு வந்த சிறுவன் பின்தங்கினான். 1960-களின் இறுதியில் அந்தக் கூடங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. காரணங்கள் பல. கட்டுப்பாடில்லாத வேகமும் அதற்கான செலவும் புதியவர்களை விரட்டியது அவற்றில் ஒன்று என்பதே என் முடிவு. இன்று நிலைத்திருக்கும் மன்றங்களின் விதிகளைப் பார்த்தால், அவர்கள் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் என்று தெரிகிறது.

அந்த விதிகளில் மிக முக்கியமானதாக நான் கருதுவது காந்தத் தடை.

வளைவில் ஒரு காரைத் தடத்தில் நிறுத்தி வைப்பது டயரின் உராய்வு. கார் எவ்வளவு அழுத்தமாகத் தரையில் உட்காருகிறதோ அவ்வளவு உராய்வு கிடைக்கும். வளைவில் கார் வெளியே வழுக்காமல் இருக்கத் தேவைப்படும் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். இரண்டையும் சமன் செய்து பார்த்தால் ஓர் அழகான முடிவு வருகிறது. காரின் எடை கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறது. உராய்வுக் கெழு 1, வளைவின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், வழுக்காமல் போகக்கூடிய உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 1.7 மீட்டர். 70 கிராம் காருக்கும் அதே வேகம், 90 கிராம் காருக்கும் அதே வேகம். நடைமுறையில் டயர் ரப்பர் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. ஈர்ப்பு மையம் உயரமாக இருந்தால் கார் வழுக்கும் முன்பே சாய்ந்து கவிழும். அதனால்தான் பலர் காரின் அடித்தட்டில் ஈயத் துண்டுகளை ஒட்டுகிறார்கள். ஆனாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

இப்போது காரின் அடியில் ஒரு காந்தத்தை வைப்போம். 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட நியோடிமியம் காந்தங்கள் விரல் நுனியளவு இருந்தாலும் இழுப்பு பலமானது. வீட்டுத் தடங்களின் மின்பட்டைகள் எஃகால் ஆனவை. காந்தம் அவற்றை நோக்கிக் காரைக் கீழே இழுக்கும். 80 கிராம் காரை 200 கிராம் எடைக்குச் சமமான விசையோடு காந்தம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 30 சென்டிமீட்டர் வளைவில் உச்ச வேகம் 1.7-லிருந்து 3.2 மீட்டராக ஏறிவிடும். எடை இப்போது கணக்குக்குள் திரும்பி வருகிறது. காந்தத்தின் இழுப்பு மாறாதிருக்கும்போது 90 கிராம் காருக்கு 3.1 மீட்டர், 70 கிராம் காருக்கு 3.4 மீட்டர். ஆகவே எல்லோரும் காரை இலேசாக்கவும் காந்தத்தைத் தடத்துக்கு நெருக்கமாக இறக்கவும் ஓடுவார்கள். பந்தயம் மேசையிலிருந்து பட்டறைக்கு இடம் மாறிவிடும்.

வேகம் கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். இங்கே மனித உடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைய ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. 1.7 மீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் கார் 34 சென்டிமீட்டர் போகும். 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள கால்வட்ட வளைவின் நீளம் 47 சென்டிமீட்டர். வளைவின் தொடக்கத்தில் காரின் பின்பக்கம் வழுக்குவதைக் கண்டால், வளைவு முடியும் முன் விரலைத் தளர்த்தித் திருத்திவிடலாம். 3.2 மீட்டர் வேகத்தில் அதே 0.2 விநாடியில் கார் 64 சென்டிமீட்டர் கடந்துவிடும். கண்டு திருத்துவதற்குள் வளைவே முடிந்துபோகும். ஓட்டுநர் செய்யக்கூடியது, எங்கே விரலை விடுவது என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது மட்டும்.

இன்னொரு கேடும் உண்டு. காந்த விசை இடைவெளியைப் பொறுத்து மிக வேகமாக மாறும். மில்லிமீட்டர் கணக்கில் விலகினாலே இழுப்பு பெரிதும் குறைந்துவிடும். கார் சற்று வழுக்கிக் காந்தம் பட்டையை விட்டு விலகியதும், அதுவரை பிடித்திருந்த விசை ஒரே கணத்தில் காணாமல் போகும். கார் முன்னறிவிப்பில்லாமல் தூக்கி எறியப்படும். காந்தமில்லாத காரோ படிப்படியாக வழுக்கும். பின்பக்கம் வெளியே ஆடும், ஓட்டுநருக்கு அது கண்ணில் படும், விரலில் ஒரு பதில் பிறக்கும். பந்தயத்தின் உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது. காந்தம் கூடாது என்ற விதி அதைத்தான் காப்பாற்றுகிறது.

பல மன்றங்கள் இந்த விதியைத் தாளில் எழுதியதோடு நிற்கவில்லை. மரப்பலகையில் காடி வெட்டிச் செம்புப் பட்டை ஒட்டித் தடம் அமைக்கிறார்கள். செம்பைக் காந்தம் இழுக்காது. யாராவது காந்தத்தை ஒளித்து வைத்தாலும் அதற்கு வீண் எடை என்பதைத் தவிர வேறு பயனில்லை. சோதனையாளரே தேவைப்படாத விதி இது. பொருளைத் தேர்ந்தெடுத்ததிலேயே விதி அடங்கிவிட்டது. மண்டகப்பட்டில் பாறையைத் தேர்ந்ததும் செங்கலும் சுதையும் தாமாக விலகியது போல.

எல்லா விதிகளும் இப்படித் தாமே தம்மைக் காத்துக்கொள்வதில்லை. அப்போது அளவிட முடிகிற விதியாக எழுதுவதே வழி. ‘கார் உண்மையான காரைப் போல் தோன்ற வேண்டும்’ என்று எழுதினால் சண்டை வரும். ‘மேலிருந்து பார்த்தால் டயர் உடற்கூட்டுக்கு வெளியே தெரியக்கூடாது’ என்று எழுதினால் சண்டைக்கு இடமில்லை. எடைக்குத் தராசு, தரையிடைவெளிக்கு ஒரு தகடு, அகலத்துக்கு ஓர் அளவுச்சட்டம். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு காரும் இந்த மூன்றையும் கடந்தால் போதும்.

மோட்டார் விஷயம் இதைவிடச் சிக்கலானது. திறக்கக்கூடாது, ஒரே தொழிற்சாலையின் ஒரே வகை மோட்டாராக இருக்க வேண்டும் என்று விதி போடலாம். ஆனால் ஒரே பெட்டியில் வந்த மோட்டார்களும் ஒரே மாதிரிச் சுழல்வதில்லை. காந்தத்தின் வலிமை, சுருளின் இறுக்கம், கரித்தொடுப்பு உட்காரும் விதம் எல்லாம் சிறிது சிறிது வேறுபடும். பணம் இருப்பவர் இருபது மோட்டார் வாங்கி, சுழற்சிமானியில் வைத்துப் பார்த்து, சிறந்ததை மட்டும் பொருத்துவார். விதி மீறப்படவில்லை, ஆனால் விதியின் நோக்கம் தோற்றுவிட்டது. இதற்கு மன்றங்கள் கண்ட மருந்து எளியது. மோட்டார்களை மன்றமே வாங்கி, பந்தய நாளில் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கும். இன்னும் ஒரு படி மேலே போய், காரையே மன்றம் கொடுப்பதும் உண்டு. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கார். கார் அங்கேயே இருக்கும். ஓட்டுநர்கள் மாறி மாறி வருவார்கள். கடைசியில் எல்லோரும் எல்லாக் கார்களையும் ஓட்டியிருப்பார்கள்.

தடம் மாறுவது தனிக் காரோடு வரும் பந்தயங்களிலும் கட்டாயம். பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு இடையே 8 சென்டிமீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றுத் திருப்பத்தில் வெளித்தடம் உள்தடத்தைவிட 50 சென்டிமீட்டர் நீளம். ஆனால் நீளத்தை மட்டும் பார்த்து வெளித்தடத்துக்காரருக்கு இரங்கிவிட வேண்டாம். வளைவின் ஆரம் பெரிதானால் வேகமும் கூடலாம், ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. 30 சென்டிமீட்டர் ஆரத்திலிருந்து 54 சென்டிமீட்டர் ஆரத்துக்குப் போனால் தூரம் 80 சதவீதம் கூடுகிறது. எடுக்கும் நேரமோ 34 சதவீதம்தான் கூடுகிறது. இப்படி ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு சாதகமும் ஒரு பாதகமும் இருப்பதால், எல்லோரும் எல்லாத் தடங்களிலும் ஒரே அளவு நேரம் ஓடி, மொத்தச் சுற்றுகளைக் கூட்டுவதே நியாயம்.

மின்சாரத்திலும் ஒரு மறைமுக அநியாயம் உண்டு. நான்கு தடங்களுக்கும் ஒரே மின்வழங்கி என்று வைப்போம். நான்கு காரும் முடுக்கும்போது மின்னழுத்தம் சற்று இறங்கும். திடீரென ஒரு கார் காடியை விட்டு வெளியே பறந்தால் அது இழுத்த மின்னோட்டம் நின்றுபோகும். மற்ற மூன்றுக்கும் மின்னழுத்தம் துள்ளி ஏறும். வளைவுக்குள் நுழையும் தறுவாயில் இருக்கும் கார், ஓட்டுநர் விரலை அசைக்காமலே வேகமெடுத்துத் தானும் வெளியே பறக்கும். பக்கத்துத் தடத்தவரின் தவறுக்கு இவர் தண்டனை அனுபவிக்கிறார். தடத்துக்கொரு தனி மின்வழங்கி என்ற விதி இதற்காக வந்தது.

பறந்த காரை எடுத்து மறுபடி காடியில் வைப்பவர் மார்ஷல். அந்த வேலைக்கு மன்றங்கள் ஆள் வைப்பதில்லை. அந்தச் சுற்றில் ஓட்டாதவர் வளைவில் நின்றாக வேண்டும். நின்று கடமையைச் செய்யாதவருக்குச் சுற்றுகளைக் கழிப்பார்கள். எனக்கு இந்த விதியின்மேல் தனி மதிப்பு உண்டு. போட்டியாளனின் காரைக் கூடிய விரைவில் தூக்கி வைப்பதை விளையாட்டின் ஒரு பகுதியாகவே அது ஆக்கிவிட்டது.

இத்தனை விதிகளுக்கும் வெளியே பெரும்பாலும் விடப்படுவது கையிலிருக்கும் கட்டுப்படுத்தி. சாதாரண மின்தடைச் சுருள் வைத்தது முதல், பிரேக்கின் கடுமையைக்கூடத் திருகித் திருத்தும் மின்னணுக் கருவி வரை அவரவர் விருப்பம். தடை காருக்கு, கருவிக்கு இல்லை. மண்டகப்பட்டின் உளியைப் போல இதுவும் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அது சரிதானா என்பது மன்றங்களுக்குள் விவாதத்துக்குரியது. விலை ஏற ஏற அந்த எல்லையை மறுபடி வரைய வேண்டிவரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. சிவகங்கை, புதுக்கோட்டை, தூத்துக்குடிப் பக்கத்து மாட்டுவண்டி எல்கைப் பந்தயங்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓட வேண்டிய தூரம் வேறு. வளர்ந்த காளையோடு இளங்காளையை ஓடவிட்டால் அது பந்தயமே ஆகாது என்பது அந்த ஊர்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை.

மோட்டார் பந்தயத்தில் இதைச் செய்து காட்டியவர் கோவை எஸ். கரிவரதன். 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. அங்கே வெளிநாட்டிலிருந்து கார் கொண்டுவர முடிந்தவர்களின் கை ஓங்கியிருந்தது. 1988-இல் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். எஞ்சின், தெருவில் ஓடும் மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சின். எல்லோருக்கும் ஒரே கார், உள்ளூரில் கிடைக்கும் உதிரிபாகங்கள், தாங்கக்கூடிய செலவு. வேகம் குறைவுதான், ஆனால் யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான கோவை நரேன் கார்த்திகேயனும், 2010-இல் அதே களத்துக்குப் போன சென்னை கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதி ஓட்டி வளர்ந்தவர்கள். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவைச் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஸ்லாட் காரிலும் ஃபார்முலா மாருதியிலும் விதி செய்த வேலை ஒன்றே. வேகத்தைக் குறைத்து, திறமைக்கு இடம் விட்டது. இதை ஏட்டில் படிப்பதைவிடத் தடத்தில் பார்ப்பது நல்லது. செஞ்சி, விழுப்புரம் பள்ளிகளின் இயற்பியல் ஆசிரியர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் இதை முயன்று பார்க்கலாம். தச்சுப் பட்டறையில் காடி வெட்டிய ஒரு பலகை, செம்புப் பட்டை, 12 வோல்ட் நேர்மின்வழங்கி, சின்ன மோட்டார்கள் இருந்தால் மையநோக்கு விசை, உராய்வு, எதிர் மின்னழுத்தம், உள்மின்தடை ஆகிய நான்கையும் ஒரே மேசையில் அளந்து காட்டிவிடலாம். தடத்தைச் செய்வதற்கு முன் விதிகளை எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே எழுதட்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரியும் தராசாலோ அளவுகோலாலோ சரிபார்க்கக்கூடியதாக இருக்கட்டும். முதல் வரியாகக் காந்தம் கூடாது என்று எழுதுங்கள்.